எங்க ஊர் ஸ்டவுட்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவள். ஒரு தேயிலை பெக்டரியில் தரம் பார்க்கும் பகுதியில் 11 வருடம் வேலை செய்தேன். இப்போது குடும்பத்தோடு கொழும்பில் இருக்கிறேன். எனக்கு லயன் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் பிடிக்கும் என்று தெரிந்ததும் எல்லாரும் ஏதாவது கேட்பார்கள். சிலர் ஆசையாகக் கேட்பார்கள், சிலர் கோபமாக. இரண்டு பேருக்கும் நான் சொல்லும் பதில்கள் இவை.

நுவரெலியாவுக்கும் பியருக்கும் என்ன சம்பந்தம்? அது தேயிலை ஊர்தானே?

தேயிலை ஊர்தான். ஆனால் லயன் பியர் பிறந்ததும் அங்கேதான். வெள்ளைக்காரர் சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் வந்து குடியேறி, இங்கிலாந்து மாதிரி ஒரு பண்ணையை உண்டாக்கப் பார்த்தார். மலையில் முதலில் பியர் காய்ச்சியவர் என்று அவர் பெயரைத்தான் சொல்வார்கள். பின்னாளில் ஆப்பிரிக்காவுக்குப் போய், 1864இல் அல்பர்ட் ஏரியைக் கண்டு உலகத்துக்குச் சொன்னவரும் அதே பேக்கர்தான். விற்பனைக்காக முறையாகப் பியர் காய்ச்சத் தொடங்கியது 1881இல்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1869இல் வந்த இலைநோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. தேயிலை அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தது. ரயில் நானுஓயாவுக்கு வந்ததே 1885இல். ஆக, முதல் சில வருடங்களில் பார்லியும், பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற கொடிப் பூவான ஹொப்ஸும் கப்பலில் கொழும்புக்கு வந்து, கடைசித் தூரத்தை மலைப்பாதையில் வண்டியிலேதான் கடந்திருக்கும். அந்தக் காலத்தில் அந்தப் பாதைகளை வெட்டியவர்களும் மூட்டை சுமந்தவர்களும் பெரும்பாலும் தோட்டங்களுக்கு வந்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பியரைக் குடித்தது துரைமார். அந்தக் கிளாசுக்குப் பின்னால் நம் ஆட்களின் முதுகும் இருந்தது என்பதை நான் மறப்பதில்லை.

பார்லியும் ஹொப்ஸும் வெளிநாட்டிலிருந்து வந்தால், அதை ஏன் மலைக்கு ஏற்ற வேண்டும்?

குளிருக்காகவும் தண்ணீருக்காகவும். பியர் புளிக்கும்போது சூடு கூடினால் ருசி கெடும். குளிரூட்டும் இயந்திரம் சாதாரணமாகக் கிடைக்காத காலத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே, சராசரி 16 பாகை வெப்பம் உள்ள ஊர் ஒரு வரம். தண்ணீருக்கு லவர்ஸ் லீப் அருவி இருந்தது. பீதுருதாலகால மலைப் பக்கமிருந்து இறங்கிவரும் மென்மையான, சுத்தமான தண்ணீர் அது.

ஹொப்ஸை ஏன் இங்கேயே வளர்க்கவில்லை என்றும் கேட்பார்கள். அந்தக் கொடிக்குக் குளிர் மட்டும் போதாது. நன்றாக வளர்ந்து விளைச்சல் தர வேண்டுமென்றால் கோடையில் நீண்ட பகல் வேண்டும். நமக்கு வருடம் முழுவதும் பகல் 12 மணிநேரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

நீங்கள் எப்போது முதலில் குடித்தீர்கள்?

குடிப்பதற்குப் பல வருடம் முன்பே எனக்கு அதன் வாசனை தெரியும். அப்பா அந்த பியர் பெக்டரியில் போத்தல் கழுவும் பகுதியில் வேலை செய்தார். அம்மா கொழுந்து எடுத்தார். காய்ச்சும் நாளில், காற்று சரியாக இருந்தால், எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசல் வரைக்கும் மணம் வரும். ஹோர்லிக்ஸ் டின்னைத் திறந்ததும் வருமே, கிட்டத்தட்ட அது. ஹோர்லிக்ஸும் முளைகட்டிய பார்லியில் செய்வதுதான், அதனால் ஆச்சரியமில்லை. மணம் வந்தால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "இன்னிக்குக் காய்ச்சுற நாள்" என்பார். நாங்கள் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பிரட்டுச் சத்தம் கேட்டு எழும்புகிற பிள்ளைகள். அந்த மணம் வருகிற காலையில் மட்டும் வெளியே வந்து கொஞ்ச நேரம் நிற்போம்.

காய்ச்சி முடிந்த பார்லிச் சக்கை மாட்டுக்கு நல்ல தீனி. அப்பா சில நாள் ஒரு சாக்கு கொண்டுவருவார். எங்கள் பசு அவரை வாசலில் பார்த்ததும் கத்தத் தொடங்கும்.

முதல் வாய் ஸ்டவுட் குடித்தது கல்யாணத்துக்குப் பிறகு, 26 வயதில். வீட்டுக்காரர் கிளாஸிலிருந்து. கசப்பாக இருக்கும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தேன். வாயில் வந்தது அந்த வாசல் மணம். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

ருசி எப்படி இருக்கும்? குடிக்காதவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

பால் ஊற்றாத கடும் கோப்பியில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கரைத்தால் எப்படி இருக்கும், அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தவிட்டு நிறத்தில் நுரை. முதலில் இனிப்பு வரும். அப்புறம் கறுப்புச் சொக்லேட் மாதிரி ஒரு கனம், கூடவே உலர்ந்த திராட்சை. விழுங்கிய பிறகுதான் கசப்பு வந்து நாக்கின் பின்பக்கத்தில் நிற்கும். இவ்வளவுக்கும் நிறம், சாயம் எதுவும் தேவையில்லை. முளைகட்டிய பார்லியைக் கோப்பிக் கொட்டை மாதிரியே கறுக்க வறுப்பார்கள். வறுக்கும் அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கு ஒரு விஷயம் எப்போதும் வியப்பாக இருக்கும். இலங்கையின் தேயிலைகளில் நுவரெலியாத் தேயிலைதான் கோப்பையில் மிக வெளிர் நிறம். பொன் மாதிரி, மெல்லிய பூவாசனையோடு இருக்கும். கீழ்நாட்டுத் தேயிலைதான் கறுத்து, கனத்து வரும். நான் வேலை செய்த காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ கோப்பை உறிஞ்சித் துப்பி, அந்த வெளிர் நிறத்துக்காகத்தான் பாடுபட்டோம். ஆனால் அதே ஊர், அதே குளிர், அதே தண்ணீர் பியர் என்று வந்தபோது கொடுத்தது நாட்டிலேயே கறுத்த ஒன்றை. இரண்டையும் நாக்கில் வைத்து வளர்ந்தவள் நான். ஒன்று காலைக்கு, மற்றது இரவுக்கு.

உலகத்திலேயே நல்ல ஸ்டவுட் என்பது உண்மையா, ஊர்ப் பெருமையா?

இதை நான் சொன்னால் பெருமை என்று தள்ளிவிடலாம். மைக்கல் ஜக்சன் என்று ஓர் ஆங்கிலேயர் இருந்தார். பாடகர் இல்லை, பியரையும் விஸ்கியையும் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர், 2007இல் காலமானார். அவர் மலைக்கு நேரில் வந்து பார்த்து, லயன் ஸ்டவுட்டை மனதாரப் புகழ்ந்து எழுதினார். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஸ்டவுட் பிரியர்கள் இதைத் தேடத் தொடங்கினார்கள். இன்றும் பல வெளிநாடுகளில் கிடைக்கிறது.

உலகத்திலேயே சிறந்தது எது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தது இது. ருசியில் பாதி நாக்கு, பாதி ஞாபகம். என் ஞாபகத்தைக் கழித்துவிட்டு ருசி பார்க்க எனக்குத் தெரியாது.

இப்போதும் நுவரெலியாவில்தான் காய்ச்சுகிறார்களா?

இல்லை. 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி கொழும்புக்கு அருகே பியகமவுக்குப் போய்விட்டது. துறைமுகம் பக்கம், பெரிய சந்தை பக்கம், இயந்திரம் வைக்க இடம் தாராளம். காரணங்கள் புரிகின்றன. குளிரூட்ட மின்சாரம் இருக்கும்போது மலை எதற்கு?

அப்படியென்றால் அதை "எங்க ஊர் பியர்" என்று இன்னும் சொல்வது நியாயமா?

இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முதல் சில வருடம் நானே சொல்வதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் போச்சு, குளிர் போச்சு, மணம் போச்சு, பிறகு என்ன ஊர் என்று தோன்றியது.

2016 மே மாத வெள்ளம்தான் மனதை மாற்றியது. அந்த மழையில் களனி கங்கை பெருகி, பியகமப் பக்கம் எல்லாம் மூழ்கியது. பியர் பெக்டரிக்குள்ளும் தண்ணீர் புகுந்து, வேலை நின்றுபோனது. கடைகளில் லயன் கிடைக்கவில்லை, வெளிநாட்டு டின்கள்தான் அடுக்கியிருந்தார்கள். அப்போது வீட்டில் மேப்பை விரித்துக் களனியின் தலையைத் தேடினேன். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி. சிவனொளிபாதமலைப் பக்கமும் ஹட்டன் பக்கமும் பெய்கிற மழைதான் பியகமவைக் கடந்து கடலுக்குப் போகிறது. நுவரெலியா நகரத்துத் தண்ணீர் என்னவோ நானுஓயா வழியாக மகாவலியில் விழுந்து திருகோணமலைப் பக்கம் போய்விடுகிறது. ஆனாலும் மலைதான் கீழே இறங்கி அந்த பெக்டரி வாசல் வரைக்கும் போயிருக்கிறது என்று நினைத்தபோது, அறுந்துபோனது எதுவும் இல்லை என்று பட்டது.

நாங்களும் அப்படித்தானே. தோட்டத்திலிருந்து இறங்கி கொழும்பில் கடையிலும் கம்பனியிலும் வேலை செய்கிற பிள்ளைகளிடம், நீ இனி மலையகம் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா? அதனால் இப்போது தயங்காமல் சொல்கிறேன், எங்க ஊர் ஸ்டவுட்.

லாகர், அதாவது சாதாரண பொன்னிறப் பியர், பிடிக்காதா?

பிடிக்கும், வெயிலில். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ மதியம் வேர்த்து ஊற்றும்போது ஸ்டவுட் குடிக்க முடியாது. நன்றாகக் குளிர்ந்த லாகர் ஒரு கிளாஸ் போதும். ஆனால் அது தாகத்துக்குக் குடிப்பது. அதில் திரும்ப நினைக்க எனக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. "ஸ்ட்ரோங்" என்று வரும் வகைகள் எனக்கு வேண்டாம். கடுப்பைத் தவிர நாக்குக்கு எதுவும் கிடைப்பதில்லை.

ஸ்டவுட்டை எப்படிக் குடிப்பது நல்லது? ஐஸ் போடலாமா?

ஐஸ் வேண்டாம். கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போகும், கோப்பி மணமும் கருப்பட்டி இனிப்பும் தெரியாது. 12, 13 பாகை நல்ல அளவு. நுவரெலியாவில் இருந்தால் பிரிட்ஜே தேவையில்லை. இரவில் போத்தலை ஜன்னல் ஓரத்தில் வைத்தால் தானாகச் சரியாகிவிடும். கொழும்பில் என்றால் பிரிட்ஜில் இருந்து எடுத்து 20 நிமிடமாவது வெளியே வைத்திருங்கள்.

போத்தலோடு வாயில் வைக்காதீர்கள். அகலமான கிளாஸில் மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். ருசியில் பெரும்பகுதி மூக்கில்தான் இருக்கிறது, தேயிலையிலும் இதுதான் முதல் பாடம். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் போத்தல்களை வாங்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹொப்ஸ் கெட்டு ஒரு நாற்றம் வரும். இருட்டான அலுமாரியில் வைத்த ஸ்டவுட் சில மாதம் கழித்து இன்னும் மெதுவாகி நன்றாகவே இருக்கும். லாகர் அப்படி நிற்காது.

கூட என்ன சாப்பிடலாம்?

வட்டலப்பம். முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலக்காய், இந்த மூன்றும் ஸ்டவுட்டோடு சேரும்போது இரண்டுமே இன்னொரு ருசிக்குப் போகும். உப்புப் பக்கம் என்றால் மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டிறைச்சி வறுவல், இல்லாவிட்டால் கருவாட்டுப் பொரியல். வீட்டில் சாதாரணமாக நாங்கள் வைப்பது தோட்டத்து ரொட்டியும் கட்டைச் சம்பலும்தான். உறைப்புக்கும் இனிப்புக்கும் நல்ல பொருத்தம்.

ஸ்டவுட் குடித்தால் ரத்தம் ஊறும், உடம்பு தேறும் என்கிறார்களே?

ஊறாது. நிறம் கறுப்பு, ருசி கனம், அதனால் சத்து என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். அதில் இரும்புச் சத்து மிகவும் சொற்பம். ரத்தம் குறைந்தவர்கள் முருங்கைக்கீரை, கல்லீரல், மருத்துவர் தரும் மாத்திரை என்று போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஸ்டவுட் கொடுக்கிற பழக்கம் எங்காவது இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். வயிற்றுப் பிள்ளைக்கு மது கேடு, கொஞ்சம் என்றாலும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று யாருக்குமே இல்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொன்னது. நான் குடிப்பது ருசிக்காக. மருந்து என்று பெயர் வைத்துக் குடிப்பதில்லை.

பியர்தானே, சாராயம் மாதிரி ஏறாது, இல்லையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 வீதம். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தல் ஒன்றில் சுத்த மதுசாரம் 55 மில்லி. சாதாரண சாராயம் 33.5 வீதம். கால் போத்தல், அதாவது 180 மில்லியில், 60 மில்லி. கிட்டத்தட்ட ஒன்று. லாகர் 4.8 வீதம் என்றால் அதே பெரிய போத்தலில் 30 மில்லி. "நான் பியர் மட்டும்தான்" என்று சொல்லி இரண்டு பெரிய ஸ்டவுட் குடிப்பவர் அரைப் போத்தல் சாராயம் குடித்தவர். மலைப்பாதையில் ரம்பொடை வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஒரு கிளாஸ் குடித்திருந்தாலும் ஓட்டாதீர்கள்.

நாங்கள் ஒரு சிறிய போத்தலை இரண்டு பேர் பகிர்வோம். மாதத்தில் இரண்டு மூன்று தடவை.

தோட்டத்தில் குடியால் எத்தனை குடும்பம் அழிந்திருக்கிறது. நீங்கள் பியரைப் புகழ்ந்து எழுதலாமா?

இந்தக் கோபம் நியாயமானது. என் சித்தப்பா கசிப்பால், அதாவது கள்ளச்சாராயத்தால், 44 வயதில் போனார். சித்தி மூன்று பிள்ளைகளோடு எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார். சம்பள நாள் மாலையில் தவறணை (சாராயக்கடை) பக்கம் போக விடாமல் கணவனின் சட்டையைப் பிடித்து நிற்கிற பெண்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அதனால் இதை ஒதுக்கிவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

பழைய கதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் சாராயக் குத்தகை அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். தோட்டத் தொழிலாளிக்கு நல்ல வீடும் நல்ல பள்ளிக்கூடமும் வருவதற்கு முன்பே தவறணை வந்துவிட்டது. பியர் துரைமார் கிளப்பில், சாராயம் தொழிலாளிக்கு. இன்றும் ஒரு போத்தல் பியர் விலை ஒரு நாள் சம்பளத்தில் பெரிய பங்கு. அதனால்தான் மலிவான கசிப்புப் பக்கம் ஆட்கள் போகிறார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது.

என் பதில் இதுதான். குடிக்காதவர்கள் தொடங்க வேண்டியதில்லை, நான் யாரையும் அழைக்கவில்லை. வீட்டில் குடியால் சண்டை இருந்தால், நிறுத்த முடியவில்லை என்றால், ஒரு கிளாஸும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே வெட்கப்படாமல் போகலாம். ஆனால் மது என்றால் மலையகத்தில் அழிவு மட்டும்தான் பேச்சாக வருகிறது. அப்பா 20 வருடம் உழைத்துக் கழுவிய போத்தல்களில் ஊற்றியது ஒரு திறமையான பண்டம். அதை வெட்கப்படாமல் சொல்லவும் ஒருத்தி வேண்டும்.

பெண் நீங்கள். கடையில் போய் வாங்குவீர்களா?

இல்லை, வீட்டுக்காரர் வாங்குவார். பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திருப்பிவிட்டார். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு. கடைக்குப் போக எனக்கு அவ்வளவு ஆசையில்லை. ஆனால் 21 வயது தாண்டிய ஆணுக்கு உள்ள பொறுப்பு, தேயிலையில் நாட்டையே தாங்குகிற பெண்ணுக்கு இல்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது எனக்கு வலித்தது.

நுவரெலியா வருகிறோம். எப்போது, எங்கே குடிக்கலாம்?

போயா (பௌர்ணமி) நாளில் கடைகளில் விற்க மாட்டார்கள், கலண்டர் பார்த்து வாருங்கள். ஏப்ரல் சீசனில் ஊரே நெரிசல், நிம்மதியாக ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. ஜனவரி, பெப்ரவரி நல்லது. பகலில் நல்ல வெயில், இரவில் கடும் குளிர், சில விடியற்காலைகளில் புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும். பகலில் பீதுரு தோட்டத்துப் பக்கம் நடந்து லவர்ஸ் லீப்பைப் பார்த்துவிட்டு, இரவு தங்குகிற இடத்திலேயே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு குடியுங்கள். வெறும் போத்தலைத் தேயிலைச் செடிக்குள் எறியாதீர்கள். கொழுந்து எடுக்கிறவர்களில் பலர் வெறுங்காலோடு நடப்பவர்கள்.

கடைசியாக எப்போது குடித்தீர்கள்?

போன மாதம், அப்பாவைப் பார்க்கப் போனபோது. அவருக்கு 78 வயது. சீனி வியாதி, அதனால் அவர் தொடுவதில்லை. வெளியே மழை. ஒரு சிறிய போத்தலைத் திறந்து எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஊற்றினேன். அப்பா கையை நீட்டி என் கிளாஸை வாங்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் திருப்பித் தந்தார்.

"இன்னிக்குக் காய்ச்சுற நாள்" என்றார்.